ஓய்வுக்குப் பிறகு கனவுப் பயணம்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசிக்கு வைப்பது?

ஓய்வுபெறப் போகிற யாரிடம் கேட்டாலும் மனதில் ஒரு பட்டியல் இருக்கும். பெருவின் மச்சு பிச்சு, ஜோர்டானின் பெட்ரா, நார்வேயின் வடதுருவ ஒளி, ஜப்பானின் செர்ரிப் பூக்கள், ஆப்பிரிக்கப் புல்வெளியில் சிங்கம். எல்லாம் 30 வருடமாக ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்ட பெயர்கள். வேலை முடிந்து நேரம் கிடைத்ததும் பெரும்பாலோர் முதலில் ஒரு சொகுசுக் கப்பலில் ஏறுகிறார்கள். அடுத்த வருடம் பேருந்தில் உட்கார்ந்தபடியே பத்து நாளில் ஆறு நாடு. மலையும் படிக்கட்டும் உள்ள இடங்களை ‘கொஞ்சம் பழகிக்கொண்டு போகலாம்’ என்று ஒதுக்கி வைக்கிறார்கள். பழகி முடித்துக் கிளம்பும்போது வயது 72. முட்டி வரமாட்டேன் என்கிறது.

இந்த வரிசையைத் திருப்பிப் போடச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கப்பலில் 80 வயதிலும் ஏறலாம். ரயில் ஜன்னலோரம் எந்த வயதிலும் உட்காரலாம். 3,400 மீட்டர் உயரத்து ஊருக்கும் 800 படிக்கட்டுக்கும் அது பொருந்தாது. அதனால் ஓய்வின் முதல் ஐந்தாறு வருடங்களைக் கடினமான இடங்களுக்குக் கொடுத்துவிட்டு, சுலபமானவற்றைப் பின்னால் வைப்பதுதான் சரி. எப்படிப் பிரிப்பது, எப்படித் திட்டமிடுவது என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: பட்டியலை எழுதுங்கள், பக்கத்தில் ‘ஏன்’ என்று எழுதுங்கள்

மனதில் இருக்கும் பட்டியலுக்கு நீளமே தெரியாது. காகிதத்தில் எழுதினால்தான் 23 இடம் இருக்கிறது என்று புரியும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அங்கே போய் என்ன செய்ய ஆசை என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். ‘உலக அதிசயம்’, ‘எல்லோரும் போகிறார்கள்’ என்பதையெல்லாம் காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘சின்ன வயதில் நாட்காட்டியில் அந்தப் படத்தைப் பார்த்தேன்’ என்பது நல்ல காரணம். ‘ராட்சத ஆமையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்’ என்பது அதைவிட நல்ல காரணம்.

இப்படி எழுதினால் பாதிப் பெயர்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். சில இடங்களுக்கு மாற்றும் கிடைக்கும். பனிப்பாறை கடலில் உடைந்து விழுவதைப் பார்ப்பதுதான் ஆசை என்றால் அதற்கு அண்டார்டிகாவே வேண்டும் என்பதில்லை. அலாஸ்காவின் கிளேசியர் பே போதும். அண்டார்டிகாவுக்குப் பெரும்பாலான கப்பல்கள் அர்ஜென்டினாவின் உசுவாயாவிலிருந்து கிளம்பி, டிரேக் நீரிணையைக் கடக்கவே ஏறக்குறைய இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். அந்தக் கடலின் ஆட்டம் பேர்போனது. அலாஸ்காவில் கப்பல் பெரும்பாலும் தீவுகளுக்கு இடைப்பட்ட அமைதியான நீரில் போகும்.

படி 2: உடம்பை அளந்து பாருங்கள்

‘நான் நன்றாகத்தான் நடக்கிறேன்’ என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டைச் சுற்றிச் சமதரையில் அரை மணி நேரம் நடப்பது வேறு, சுற்றுலா நாளின் நடை வேறு. ஊர் சுற்றும் நாளில் 10,000 காலடி என்பது மதியச் சாப்பாட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். அதில் பாதி கருங்கல் பாவிய தெருவிலும், மீதி அருங்காட்சியகத்தில் நின்று நின்று நகர்வதிலும் போகும். நடப்பதைவிட இந்த நின்று நகர்வதுதான் இடுப்பைப் பிடிக்கும்.

ஒரு வாரம் எடுத்துக்கொண்டு மூன்று விஷயங்களைச் சோதித்துப் பாருங்கள். முதலில், நிற்காமல் எத்தனை மாடி ஏற முடிகிறது? அதைவிட முக்கியமாக, எத்தனை மாடி இறங்க முடிகிறது? முட்டி வலிக்காரர்களைக் கேளுங்கள், இறங்குவதுதான் வேதனை என்பார்கள். இரண்டாவது, தொடர்ந்து மூன்று நாள் தினமும் 12,000 காலடி நடந்துவிட்டு, நான்காம் நாள் காலையில் எப்படி எழுந்திருக்கிறீர்கள்? முதல் நாளை யாரும் சமாளித்துவிடலாம். நான்காம் நாள் காலைதான் கணக்கு. மூன்றாவது, நீங்கள் கொண்டுபோகப் போகும் பெட்டியைத் தனியாகத் தூக்கி ஒரு மாடி ஏற முடிகிறதா? முடியவில்லை என்றால் பெட்டியில்தான் தவறு, அதைச் சின்னதாக்குங்கள்.

கூடவே மருத்துவரிடம் ஒரு முறை போய் வருவது நல்லது. ‘பயணம் போகலாமா?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘போகலாம்’ என்று பொதுவாகவே பதில் வரும். ‘3,500 மீட்டர் உயரத்தில் மூன்று இரவு தூங்கப் போகிறேன்’, ‘13 மணி நேரம் விமானத்தில் உட்காரப் போகிறேன்’ என்று சொல்லிக் கேளுங்கள்.

படி 3: மூன்று குவியலாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் குவியல்: கால் நன்றாக இருக்கும்போதே போக வேண்டியவை.

மச்சு பிச்சு இதில் முதலிடம். அந்தக் கோட்டை நகரம் 2,430 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போக எல்லோரும் வந்திறங்கும் கூஸ்கோ நகரம் 3,400 மீட்டரில் இருக்கிறது. பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் போனால் உயர நோய் வரலாம்: தலைவலி, குமட்டல், தூக்கமின்மை. வயது குறைவு என்பதால் யாரும் இதிலிருந்து தப்பிவிடுவதில்லை; ஆனால் இதயத்திலோ நுரையீரலிலோ பழைய பிரச்சினை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். இதற்கு ஒரு சுலபமான உபாயம் இருக்கிறது. கூஸ்கோவில் இறங்கிய அன்றே அங்கே தங்காமல் காரில் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அங்குள்ள ஒல்லான்டைடாம்போ ஊர் சுமார் 2,800 மீட்டர்தான். இரண்டு மூன்று இரவு அங்கே தங்கிவிட்டு, அங்கிருந்தே ரயிலில் மச்சு பிச்சுவின் அடிவார ஊருக்குப் போங்கள். கூஸ்கோவைத் திரும்பும் வழியில் பாருங்கள். அதற்குள் உடம்பு பழகியிருக்கும். உயர நோய்க்கு முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. அது உங்களுக்கு ஒத்துவருமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மச்சு பிச்சுவுக்குள் நுழைய நேரம் குறித்த சீட்டு வாங்க வேண்டும். உள்ளே நடக்கும் பாதைகளும் முன்பே வகுத்தவை. சீட்டு எடுக்கும்போதே படிக்கட்டு குறைந்த பாதையைக் கேட்டு வாங்குங்கள். கழிப்பறை நுழைவாயிலுக்கு வெளியே மட்டும்தான், உள்ளே கிடையாது. இளைஞர்கள் எழுதும் பயணக் குறிப்புகளில் இது வராது, ஆனால் 65 தாண்டியவருக்கு அந்த நாளின் முதல் கவலையே இதுதான். ஊன்றுகோல் வேண்டுமென்றால் நுனியில் ரப்பர் மாட்டியதாக இருக்க வேண்டும்.

அடுத்தது பெட்ரா. ஜோர்டானின் இந்தக் கல் நகரத்துக்குள், சுமார் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள ‘சிக்’ என்ற குறுகிய மலைப்பிளவு வழியாகத்தான் போக வேண்டும். பார்வையாளர் நுழைவிடத்திலிருந்து, படங்களில் வரும் அந்தக் கருவூல முகப்புவரை ஏறக்குறைய 2 கிலோமீட்டர். போகும்போது பாதை இறக்கம், அதனால் களைப்பே தெரியாது. உள்ளே நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, மதிய வெயிலில் அதே பாதையில் ஏறித் திரும்பும்போது தெரியும். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ‘மடாலயம்’ என்ற பெரிய முகப்பைப் பார்க்க 800-க்கும் மேல் படி ஏற வேண்டும். அதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு நாள் சீட்டு எடுத்து, முதல் நாள் கருவூலமும் கல்லறைகளும், இரண்டாம் நாள் விடியற்காலையில் நேராக மடாலயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பலர் சுலபமான இடம் என்று நினைக்கிறார்கள். ஒரு கோயிலிலிருந்து இன்னொன்றுக்கு வண்டியில் போகலாம், உண்மைதான். வண்டியை விட்டு இறங்கிய பிறகு உயரமான கல் வாசற்படிகளும் உடைந்த தளங்களும் புழுக்கமும்தான். அங்கோர் வாட்டின் உச்சித் தளத்துக்குப் போகும் மரப்படிக்கட்டு மிகச் செங்குத்தானது. கீழிருந்து பார்த்தாலே சிலர் வேண்டாம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் என்று மூன்று வகைச் சீட்டு உண்டு. ஏழு நாள் சீட்டை ஒரு மாதத்துக்குள் எந்த ஏழு நாளிலும் பயன்படுத்தலாம். என்னைக் கேட்டால் அதை எடுங்கள். தினமும் காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை ஒரே ஒரு கோயில், பிறகு அறைக்குத் திரும்பித் தூக்கம்.

கலாபகஸ் தீவுகளும் இந்தக் குவியல்தான். ரப்பர் படகிலிருந்து முழங்கால் நீரில் இறங்கி, எரிமலைக் கற்கள்மேல் நடக்க வேண்டியிருக்கும். ஆட்கள் குடியிருக்காத இடங்களில் வழிகாட்டி இல்லாமல் கால்வைக்க முடியாது. ஈக்வடாரில் கீட்டோ வழியாகப் போனால் 2,850 மீட்டர் உயரத்தில் ஓர் இரவு தங்க நேரலாம். குவாயாகில் வழியாகப் போனால் கடல்மட்டம்தான். இரண்டு ஊரிலிருந்தும் விமானம் உண்டு என்பதால் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதில் நஷ்டமில்லை.

நடைப்பயணமே ஆசை என்றால் ஸ்பெயினின் சான்டியாகோ யாத்திரைப் பாதை. முழுப் பாதையையும் நடக்க வேண்டியதில்லை. கடைசி 100 கிலோமீட்டரை நடந்தாலே சான்றிதழ் தருகிறார்கள். பலரும் சான்டியாகோவிலிருந்து 110 கிலோமீட்டருக்குச் சற்று கூடுதலான தூரத்தில் இருக்கும் சாரியா என்ற ஊரில் தொடங்கி ஒரு வாரத்தில் முடிக்கிறார்கள். நீங்கள் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை அடுத்த ஊர் விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவை அந்தப் பாதை முழுக்க உண்டு, அதனால் முதுகில் தண்ணீரும் மழைச்சட்டையும் மட்டும் இருந்தால் போதும்.

இரண்டாம் குவியல்: சுமாராக நடக்க முடிந்தால் போதும்.

ஜப்பான் இதில் என் முதல் தேர்வு. மூத்தவர்கள் நிறைந்த நாடு என்பதால் பெரிய ரயில் நிலையங்களில் லிஃப்ட் இருக்கும். பெட்டியை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு அனுப்பிவிட்டுக் கைவீசிக்கொண்டு ரயிலில் போகலாம். ‘தக்யூபின்’ என்று கேட்டால் விடுதிக்காரர்களே ஏற்பாடு செய்துவிடுவார்கள், பெரும்பாலும் மறுநாள் வந்து சேர்ந்துவிடும். கவனிக்க வேண்டிய ஒன்று, பாரம்பரிய விடுதிகளில் படுக்கை தரையில்தான். ஓர் இரவு அழகான அனுபவம், ஆனால் காலையில் எழுந்திருக்க ஆள் தேவைப்படும். கட்டில் உள்ள அறை பல விடுதிகளில் உண்டு, முன்பதிவின்போதே கேளுங்கள். கியோட்டோவின் ஃபுஷிமி இனாரியில் அந்தச் சிவப்பு வாயில்களின் வரிசை மலையுச்சிவரை படிக்கட்டாக ஏறும். ஆனால் வாயில்கள் மிக நெருக்கமாக நிற்கும் பகுதி அடிவாரத்துக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் எதையும் இழந்துவிட மாட்டீர்கள்.

கிழக்கு ஆப்பிரிக்கச் சஃபாரி முதியவர்களுக்கு நல்ல பயணம், ஏனென்றால் நாள் முழுக்க வண்டியில் உட்கார்ந்துதான் இருப்பீர்கள். ஆனால் அந்தச் சாலைகள் முதுகைப் பதம் பார்க்கும். முதுகுவலி உள்ளவர்கள் சாலையில் எட்டு மணி நேரம் குலுங்குவதற்குப் பதிலாகத் தான்சானியாவின் செரெங்கேட்டி வனப்பூங்காவுக்குள் இருக்கும் ஓடுதளங்களுக்குச் சின்ன விமானத்தில் போகலாம். அந்த விமானங்களில் சுமார் 15 கிலோ மென்மையான பை மட்டும்தான் அனுமதி, சக்கரம் வைத்த கட்டிப் பெட்டி வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக 60 வயதுக்கு மேல் அதைப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அதனால் சில நேரம் ஊசியைத் தவிர்த்துவிட்டு மருத்துவர் விலக்குச் சான்று தருவதும் உண்டு. கிளம்புவதற்குச் சில மாதம் முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

ஐரோப்பிய நகரங்களைப் பொதுவாகச் சுலபம் என்று சொல்லிவிட முடியாது. வியன்னாவின் மையப்பகுதி பெரும்பாலும் சமதரை, டிராம் எங்கும் போகும். லிஸ்பன் முழுக்க மேடும் பள்ளமும், மழை பெய்தால் அந்த அழகான பளபளக் கல் நடைபாதை வழுக்கும். வெனிஸில் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிக்கட்டு. ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்ட் கிடையாது. அதே குவிமாடத்தைக் கீழே சதுக்கத்தில் காபி குடித்துக்கொண்டு பார்ப்பதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

மூன்றாம் குவியல்: உட்கார்ந்தே பார்க்கலாம், எந்த வயதிலும் போகலாம்.

நார்வேயின் கடலோரக் கப்பல் 1893-இல் தபாலும் சரக்கும் ஏற்றிச்செல்லத் தொடங்கியது. பெர்கனிலிருந்து வடகோடியில் ரஷ்ய எல்லைக்குப் பக்கத்திலுள்ள கிர்கெனெஸ்வரை போய்த் திரும்ப 12 நாள், 34 துறைமுகங்கள். வடக்கே போகும்போது இரவில் கடந்த ஊர்களைத் திரும்பும்போது பகலில் பார்க்கலாம், அதனால் முடிந்தால் முழுச் சுற்றையும் எடுங்கள். இதில் நடனமும் சூதாட்டக் கூடமும் கிடையாது. ஜன்னலோர நாற்காலியும் மலைகளும்தான். எனக்கு இதுதான் வேண்டும்.

ரயில் என்றால் சுவிட்சர்லாந்தின் கிளேசியர் எக்ஸ்பிரஸ். ஸெர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ்வரை 291 கிலோமீட்டர், 291 பாலம், 91 சுரங்கம், ஏறக்குறைய எட்டு மணி நேரம். பெயர்தான் எக்ஸ்பிரஸ். எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார முடியாதவர்கள் அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயில்களில் நடுவே ஓர் ஊரில் இறங்கித் தங்கிப் போகலாம். ஜன்னலைத் திறக்க முடிகிற பெட்டிகளும் அவற்றில் சிலவற்றில் கிடைக்கும். கனடாவில் டொரோன்டோவிலிருந்து வான்கூவர்வரை 4,466 கிலோமீட்டர், நான்கு இரவு. ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து பெர்த்வரை 4,352 கிலோமீட்டர். அதில் நல்லர்பார் சமவெளியில் 478 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத தண்டவாளம். அதில் என்ன பார்க்க இருக்கிறது என்று கேட்பவர்கள் அந்த ரயிலில் ஏற வேண்டாம்.

படி 4: மாதத்தைப் பிடியுங்கள்

வேலையில் இருக்கும்போது பள்ளி விடுமுறைக்கு ஏற்றபடி பயணம் போனீர்கள். இப்போது அந்தக் கட்டு இல்லை. ஆனாலும் பழக்கத்தில் பலர் ஜூலையிலேயே ஐரோப்பா போய் வெயிலிலும் வரிசையிலும் நிற்கிறார்கள். மே மாதம் அல்லது செப்டம்பர் கடைசி போங்கள்.

மச்சு பிச்சுப் பகுதியில் மே முதல் செப்டம்பர்வரை மழை குறைவு. பெட்ராவுக்கு மார்ச் முதல் மே, இல்லையென்றால் செப்டம்பர் கடைசி முதல் நவம்பர். அங்கோருக்கு நவம்பர் முதல் பிப்ரவரி, ஏப்ரல் வேண்டவே வேண்டாம். கியோட்டோவில் செர்ரி பூப்பது பெரும்பாலும் மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும். நவம்பர் பிற்பாதியில் இலைகள் சிவக்கும் காலமும் அதே அளவு அழகு. செரெங்கேட்டிக் காட்டுமான்கள் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஜூலை முதல் அக்டோபர். குட்டி போடும் காலம் வேண்டுமென்றால் ஜனவரி கடைசியும் பிப்ரவரியும், அப்போது தெற்குப் பகுதிக்குப் போக வேண்டும். வடதுருவ ஒளிக்கு செப்டம்பர் கடைசி முதல் மார்ச்வரை. கோடையில் நார்வேயின் வடக்கில் இரவே இருட்டாது, ஒளி எங்கே தெரியப் போகிறது? அண்டார்டிகாவுக்கு நவம்பர் முதல் மார்ச் மட்டும்தான் கப்பல்.

படி 5: ஊர்களைக் குறையுங்கள், நாள்களைக் கூட்டுங்கள்

இளையவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உங்களிடம் இருக்கிறது: திங்கட்கிழமை அலுவலகம் போக வேண்டியதில்லை. அப்படியிருந்தும் பத்து நாளில் ஆறு ஊர் என்று ஓடுவது ஏன் என்று எனக்குப் புரிவதில்லை. ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டுவது, அறையைக் காலிசெய்வது, புதிய அறையில் விளக்கு சுவிட்சைத் தேடுவது என்று பாதி நாள் போய்விடும். ஓர் ஊருக்குக் குறைந்தது நான்கு இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்கு ஒரு நாள் எந்தத் திட்டமும் இல்லாமல் விடுங்கள். அன்றுதான் துணி துவைப்பீர்கள், பேரப்பிள்ளைகளோடு பேசுவீர்கள், கால்வலிக்குத் தைலம் தேய்ப்பீர்கள்.

ஒரே ஊரில் ஒரு மாதம் வீடெடுத்துத் தங்குவதும் நல்ல யோசனை. வீடு பிடிக்கும்போது மாடி எண்ணிக்கையையும் லிஃப்ட் உண்டா என்பதையும் கேளுங்கள். ஐரோப்பாவில் ‘முதல் மாடி’ என்றால் தரைத்தளத்துக்கு மேலே. குளியல்தொட்டியின் விளிம்பைத் தாண்டித்தான் குளிக்க வேண்டுமா, சமதளமாக நிற்க இடமிருக்கிறதா என்பதையும் படத்தில் பாருங்கள்.

விசா விதி உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. ஐரோப்பாவில் ஒரே விசாவில் போகக்கூடிய ஷெங்கன் நாடுகளில் குறுகிய காலத் தங்கலுக்கு, எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாளுக்கு மேல் கூடாது. வந்திறங்கிய நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். ஊர் ஊராகப் பிரித்துக் கணக்கிட முடியாது, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்ல வேண்டும் என்கின்றன, எனவே கடைசி வருடத்தில் இருக்கும் பாஸ்போர்ட்டை முதலில் புதுப்பித்துவிடுங்கள்.

படி 6: மருந்து, காப்பீடு, விமானம்

மருந்துகளைப் பயண நாள்களுக்குப் போக இன்னும் பத்து நாளுக்குக் கூடுதலாக எடுத்து, எல்லாவற்றையும் கைப்பையில் வையுங்கள். மாத்திரையை டப்பாவில் கொட்டாமல் அதன் அட்டையோடும் பெட்டியோடும் கொண்டுபோங்கள். மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும், வெளிநாட்டு மருந்தாளுநருக்கு அதுதான் புரியும். சாதாரண மாத்திரைகூட இன்னொரு நாட்டில் தடைசெய்யப்பட்டதாக இருக்கலாம். ஜப்பானில் சூடோஎஃபெட்ரின் அதிகமுள்ள சளி மருந்துகளுக்கு அனுமதியில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் டிரமடால், கோடீன் போன்ற வலிநிவாரணிகளுக்கு முன் அனுமதி வேண்டும். வழியில் விமானம் மாறும் நாட்டின் விதியையும் பாருங்கள்.

இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது, உறைந்துவிட்டால் பயனில்லை. கிழக்கே பறந்தால் நாள் சுருங்கும், மேற்கே பறந்தால் நீளும். அந்த ஒரு நாளுக்கு இன்சுலின் அளவை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. நடைபாதையோர இருக்கை எடுங்கள், அடிக்கடி எழுந்து நடங்கள், அழுத்தக் காலுறை தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி உதவி கேட்பதைப் பலர் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள். பெரிய விமான நிலையத்தில் ஒரு வாசலிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க நேரிடும். அந்தக் கால்பலத்தை ஊர் பார்க்கச் சேமித்துவைப்பதில் என்ன வெட்கம்? பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும்.

பயணக் காப்பீட்டில் பார்க்க வேண்டியவை: ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பொருந்துமா, ஆபத்து நேரத்தில் வேறு ஊருக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு உண்டா, உங்கள் வயதுக்கு வரம்பு இருக்கிறதா. கலாபகஸ், அண்டார்டிகா, நடுக்கடல் போன்ற இடங்களில் மருத்துவச் செலவைவிடக் கொண்டுபோகும் செலவுதான் பூதாகரமாக நிற்கும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதை மறைத்து எடுத்த காப்பீடு தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும். எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், கட்டணம் கூடினாலும் பரவாயில்லை.

படி 7: யாரோடு?

35 வருடம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகூட 24 மணி நேரமும் ஒரே அறையில், புரியாத மொழி பேசும் ஊரில் மூன்று வாரம் இருந்ததில்லை. ஒருவர் விடியலில் எழுந்து கிளம்பத் துடிப்பார், மற்றவர் எட்டரைக்குத்தான் கண் விழிப்பார். வாரத்தில் இரண்டு அரைநாள் தனித்தனியாகப் போவது என்று வீட்டிலேயே பேசிக்கொண்டால் சண்டை பாதியாகும். நண்பர்களோடு போனால் பணக் கணக்கையும் நடை வேகத்தையும் முன்பே பேசிவிடுங்கள். இரண்டில் பெரிய தகராறு நடை வேகத்தில்தான் வரும். தனியாகப் போகிறவர்களிடம் கப்பல்களும் குழுச் சுற்றுலாக்களும் அறைக்காகக் கூடுதல் கட்டணம் கேட்கும். தனியாள் அறை உள்ள கப்பல்களும் உண்டு, அவை சீக்கிரம் நிரம்பிவிடும்.

படி 8: ஒத்திகை

பெரிய பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு, பக்கத்தில் எங்காவது நான்கு நாள் போய் வாருங்கள். அதே பெட்டி, அதே செருப்பு, அதே மருந்துப் பை. புதுக் காலணியோடு பெட்ரா போவது தற்கொலைக்குச் சமம். ஒத்திகையில் பயன்படுத்தாத பொருள் எதுவோ, அது பெரிய பயணத்துக்கும் வேண்டாம். மூன்று ஸ்வெட்டர், தடித்த புத்தகங்கள், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வைத்த டார்ச் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

வீட்டில் ஒருவரிடம் பாஸ்போர்ட் நகல், காப்பீட்டு எண், தங்கும் இடங்களின் பட்டியல், மருந்துச் சீட்டு நகல் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பி வந்த பிறகு

நேர வித்தியாசம் சரியாக, கடந்துவந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் என்பது பொதுக் கணக்கு. அதனால் வந்த வாரத்தில் எந்த விசேஷத்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பத்து நாள் கழித்துப் பழைய பட்டியலை எடுத்து, படி 2-இல் செய்த சோதனையை மறுபடி செய்து பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால், எந்த இடம் எந்தக் குவியலுக்கு நகர்ந்திருக்கிறது என்று தெரியும். மடாலயத்தின் 800 படி இனி முடியாது என்று ஆகியிருக்கலாம். அப்போதும் பெட்ராவை அடித்துவிட வேண்டாம். நுழைவிடத்திலிருந்து கருவூலம்வரை மின்சார வண்டி ஓடுகிறது. பட்டியலில் முதல் குவியலிலிருந்து பெயரை எடுத்து மூன்றாவதில் எழுதி, பக்கத்தில் ‘வண்டியில்’ என்று குறித்துக்கொள்ளுங்கள்.